புருஷன் பேர் சொல்லாதவள்

மீன் விற்கிறவளுக்கு இத்தனை கோபம் ஆகாது என்று என் மாமியார் சொல்வார். சொல்லிக்கொண்டே, தெருமுனையில் அவள் குரல் கேட்டதும் சட்டியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வாசலுக்குப் போகிறவரும் அவர்தான். அவள் கொண்டுவரும் மீன் அப்படி. பழசாக இருந்தால் அவளே சொல்லிவிடுவாள். "இது நேத்தியது. கொழம்புக்கு ஆவும், வறுக்காத." அதற்கு மேலும் யாராவது சந்தேகப்பட்டுச் செவுளைப் புரட்டிப் பார்த்தால் போதும். "அதான் சொன்னேன்ல? நான் சொன்னா சொன்னதா ஆவாதா?" என்று கூடையை மூடிவிடுவாள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். அவளைக் கேட்காமல் அவள் பெயரை எடுத்துப் புழங்கியவர்கள் மேல்தான் அவளுக்கு அத்தனை கோபமும். அந்தக் கூட்டத்தில் நானும் போய்ச் சேர வேண்டாம்.

நெட்டப்பாக்கத்திலிருந்து, கிருமாம்பாக்கத்துக்கும் செலியமேட்டுக்கும் நடுவில் இருந்த இந்த ஊருக்கு நான் வாக்கப்பட்டு வந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். நிலம் எங்களுடையது இல்லை, குத்தகை. கிழக்கே நடந்தால் அவளுடைய குப்பம். புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். அவர் பிடித்ததையும் ஏலத்தில் எடுத்ததையும் கூடையில் அடுக்கிக்கொண்டு எங்கள் ஊர்த் தெருக்களில் அவள் விற்பாள். நல்ல உயரம். பேசும்போது ஒரு கையை இடுப்பில் வைத்திருப்பாள். கோபம் ஏறினால் அந்தக் கை இடுப்பை விட்டு இறங்கிவிடும். அப்போது அவளுக்கு எதிரில் நிற்கக்கூடாது.

நான் வந்த முதல் வாரத்தில் ஒரு நாள், "புதுப்பொண்ணுக்கு இன்னா மீன் புடிக்கும்?" என்று கேட்டாள். "அது எதுனாச்சும் தின்னும், நீ சங்கராவப் போடு" என்றார் மாமியார்.

"உன்ன கேக்கல. அந்தப் பொண்ண கேட்டேன். அதுக்கு வாய் இருக்குதுல்ல?"

மாமியார் முகம் சுண்டிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டுக்கு வந்து அன்றுவரை என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டிருக்கவில்லை. நெத்திலி என்று சொன்னேன். "அப்பிடி வாயத் தொறந்து சொல்லு" என்றாள். அன்று அவள் கூடையில் நெத்திலி இல்லை. மறுநாள் கொண்டுவந்தாள்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டுப் பஸ்ஸில் ஒரு தடவை பெரிய சண்டை. மீன்காரிகள் இனிமேல் காலை பஸ்ஸில் ஏறக்கூடாது, நாற்றம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள் என்றான் கண்டக்டர். "உங்க நாட்டாரே ஒத்துக்கினாரும்மா" என்று சேர்த்துச் சொன்னான். நாட்டார் என்பவர் குப்பத்துக்குத் தலைவர். அவள் கூடையை பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் இறக்கி வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அவுரு பஸ்ஸுல வரது இல்ல. நான்தான் வரேன். நான் ஒத்துக்கினனா? கேட்டியா என்னை?"

கண்டக்டர் கேட்டானோ இல்லையோ, பஸ் அவளை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பியது.

இவளுடைய கோபத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய நிலக்காரர் இருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊர் நிர்வாகத்துக்குத் தலைவராக இருப்பவரை மேர் என்பார்கள். அவர் அப்போது மேராக இருந்தவர். ஆட்சி மாறியும் மேர் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை. நாங்கள் உழுத நிலம் அவருடையது. நிலத்துக்கு வருகிற ஏரித் தண்ணீர் எப்போது யாருக்கு என்பதும் அவர் சொல்வதுதான். பொம்பளைகளுக்கும் ஓட்டு உண்டு என்று அந்தக் காலத்தில் வந்தபோது, அவள் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாளாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மேர் வீட்டு ஆட்கள். பெயரைச் சொன்னதும் ஒருவன் சிரித்துக்கொண்டு, "உன்து ஆயிடுச்சி, வூட்டுக்குப் போ" என்றானாம்.

"இன்னா ஆயிடுச்சின்னு கேட்டேன் கண்ணு. ஓட்டு ஆயிடுச்சின்றான். நான் இப்பதான் வரேன், எனுக்கு முன்னாடி அது எப்பிடிடா வந்துச்சின்னு கேட்டேன். கழுத்தப் புடிச்சித் தள்ளிட்டான்."

இதை என்னிடம் சொன்னபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. நடந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆட்சி மாறிய பிறகு வந்த தேர்தலிலும் எங்கள் ஊரில் மேசை மாறவில்லை. அவளும் போனாள். அப்போதும் ஆகிவிட்டிருந்தது.

அடுத்த தேர்தல் வந்தபோது ஊரில் புதுப் பேச்சு கிளம்பியது. இந்தத் தடவை டில்லியில் இருக்கிற தேர்தல் கமிஷன் நடத்துகிறது, மேசையில் உட்காருகிறவர்கள் எல்லாம் வெளியூர் ஆட்கள் என்றார்கள். கமிஷன் என்றால் அவளுக்குத் தெரியும். கரையில் மீனை ஏலம் விடுகிறவன் எடுத்துக்கொள்வதுதான் கமிஷன். "இவனுங்க எவ்ளோ புடிப்பானுங்களாம்?" என்று கேட்டாள்.

ஓட்டுக்கு முந்தின நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்து இறங்கினார். காரைக்கால்காரர், ஒல்லி, மூக்குக் கண்ணாடி. கூட ஒரு குமாஸ்தா, ஒரு போலீஸ்காரர். மேர் வீட்டில் கோழி அடித்துச் சமைத்து, ஐந்தடுக்குக் கேரியரில் போட்டு, என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார்கள். தேர்தலுக்கு யார் வந்தாலும் மேர் வீட்டுச் சாப்பாடுதான், அதுதான் வழக்கம். அந்த மனுஷன் கேரியரைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். ரோட்டுக் கடையில் இட்லி வாங்கித் தின்றாராம். என் வீட்டுக்காரர் பயந்துபோய் வந்து சொன்னார். "இந்தாளு உருப்பட மாட்டான். மேரு வூட்டுச் சோத்த எவனாச்சும் திருப்புவானா?"

மறுநாள் காலையில் மீன் விற்க வந்தவளிடம் இதைச் சொன்னேன். கூடையை இறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"சோத்தத் திருப்பி அனுப்சிட்டானா? நெசமாவா?"

"ஆமாக்கா. எங்க வூட்டுக்காரர்தான் எடுத்துனு போனார்."

"அப்ப போய்ப் பாக்கலாம்" என்றாள். கூடையை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டு என்னோடு நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனி வரிசை. அவள் முன்னால், நான் பின்னால். அப்போதெல்லாம் தேர்தலில் நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டிமேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், கொடுத்த சீட்டை வேண்டிய பெட்டியில் போட வேண்டும். மேர் குடையில் நின்றார். எதிர்த்து நின்றவருக்குச் சைக்கிள். ஒவ்வொருவர் சார்பிலும் ஒரு ஏஜெண்ட் உள்ளே உட்காரலாம். பொய்யாள் வந்தால் அடையாளம் சொல்வதற்குத்தான் அந்த ஏற்பாடு. குடைக்கு மேருடைய தம்பி உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ஏஜெண்ட் வரவேயில்லை. வராதபடி முந்தின நாளே பார்த்துக்கொண்டார்கள்.

அவள் மேசைக்கு முன்னால் போய்ப் பெயரைச் சொன்னாள். குமாஸ்தா பக்கத்தைப் புரட்டினார். "இந்தப் பேருக்கு ஓட்டுப் போட்டாச்சேம்மா" என்றார்.

அவள் கை இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

"நான் போடலியே" என்றாள்.

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க கணவர் பேர் என்னம்மா?"

அவள் வாய் மூடிக்கொண்டது. புருஷன் பெயரை எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல மாட்டாள். சாமிக்கு அர்ச்சனை செய்தாலும் பக்கத்தில் இருப்பவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேர் தம்பி சிரித்தார்.

"பாத்தீங்களா சார்? புருஷன் பேரே தெரியல. காலையில வந்த பொம்பள சொல்லுச்சே, நீங்களே கேட்டீங்களே." அவளுடைய புருஷன் பெயரை அவரே சத்தமாகச் சொல்லியும் காட்டினார்.

கை இடுப்பை விட்டு இறங்கியது.

"காலையில வந்தவ சொன்னாளா?" என்று அதிகாரியைக் கேட்டாள்.

"சொன்னாங்களே."

"எப்பிடிச் சொன்னா? மென்னு முழுங்கிச் சொன்னாளா, மடமடன்னு சொன்னாளா?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "உடனே சொன்னாங்க."

"அப்ப அவ பொண்டாட்டி இல்ல! எந்த ஊருல சார் பொண்டாட்டி புருஷன் பேர மடமடன்னு சொல்றா? உன் வூட்ல சொல்லுவாங்களா?"

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, "உங்களை நம்பறேன்மா. இப்படி ஆனவங்களுக்கு ஒரு வழி இருக்கு. தனியா ஒரு சீட்டுத் தருவேன், அதை உறையில போட்டு ஒட்டி வெச்சுடுவோம்" என்றார்.

"அத்த எண்ணுவீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் போட்டுவிட்டுப் போயிருப்பாள், எதுவும் நடந்திருக்காது. அந்த மனுஷன், "இப்ப எண்ண மாட்டோம். கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா எடுப்பாங்க" என்றார்.

அவள் போட்ட சத்தம் பள்ளிக்கூடத்துக் கூரையில் மோதியது. "அவ போட்டத எண்ணுவ, நான் போட்டா மூட்டை கட்டி வெப்பியா? திருடிக்கு வூட்டுல எடம், வூட்டுக்காரிக்குத் தெருவுல எடமா? உன் கமிஷனு இத்தத்தான் சொல்லி அனுப்சிச்சா?" பிறகு வரிசைப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "அவளுங்க எங்கியும் போவல சார். தோ நிக்கறாளுங்க பாரு. எங்க குப்பத்துல இவளுங்க மூஞ்சியே நான் கண்டதில்ல. கேளு, ஒவ்வொருத்தியா புருஷன் பேரக் கேளு!"

அதிகாரி எழுந்தார். வரிசையோடு நடந்து வந்து கேட்டார். குப்பத்துப் பெண் ஒருத்தி, "புள்ளையாருக்குத் தம்பி பேருதாங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் தெருப் பெண் பக்கத்தில் இருந்தவளைச் சொல்லச் சொன்னாள். அடுத்து நின்றவள் நாங்கள் யாரும் பார்த்திராதவள். கேட்டதும் பாடம் ஒப்பிக்கிறமாதிரி புருஷன் பெயர், அவனுக்கு அப்பன் பெயர் இரண்டையும் சொன்னாள். அதிகாரி அவள் விரலைப் பிடித்துப் பார்த்தார். விளக்கெண்ணெய் தடவி, மையைத் துடைத்த கறை நகக்கண்ணில் இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் விரலும் அப்படியே.

"இவங்களை நிறுத்தி வையுங்க" என்று போலீஸ்காரரிடம் சொன்னார் அதிகாரி.

மேர் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சார், ஊருக்குப் புதுசு நீங்க. பொட்டியத் தூக்கினு சாயங்காலம் எங்க ரோட்டுலதான் போவணும். ஞாபகம் வெச்சுக்குங்க."

"நான் நடந்ததை நடந்தபடி கமிஷனுக்கு எழுதறேன். எந்த ரோட்டுல வேணா போறேன்."

அதற்கு மேல் எல்லாம் சட்டென்று நடந்தது. மேர் தம்பி வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். மேசை புரண்டது. குமாஸ்தா கீழே விழுந்தார். ஒற்றைப் போலீஸ்காரர் என்ன செய்வார்? ஒருவன் மறைப்பைக் கிழித்து, சைக்கிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பக்கத்துக் குட்டையில் வீசினான். பெண்கள் அலறிக்கொண்டு சிதறினோம். அவள் சிதறவில்லை. குட்டைக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பெட்டியைத் தேடிப் பிடித்து இழுத்து வந்து, சேறு சொட்டச் சொட்ட அதிகாரி காலடியில் வைத்தாள்.

"இதுல என் ஓட்டு இல்ல சார். ஆனா யாருதோ இருக்குது. எழுது."

அன்று வாக்குப்பதிவை நிறுத்திவிட்டார்கள்.

தப்பு நடந்ததைவிட, அடுத்த நாள் ஊர் பேசியதுதான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பெட்டியைத் தூக்கி எறிந்தவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மீன்காரி கலகம் பண்ணிவிட்டாள் என்றார்கள். சைக்கிள்காரனிடம் கைநீட்டி வாங்கியிருப்பாள், இல்லாவிட்டால் எவளாவது அந்தப் பெட்டிக்காகக் குட்டையில் இறங்குவாளா என்றார்கள். எங்கள் தெருவில் யாரும் அவளிடம் மீன் வாங்கக்கூடாது என்று மேர் வீட்டிலிருந்து சொல் வந்தது. கரும்புக்குத் தண்ணீர் தேவைப்பட்ட நேரம். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே, "வாங்காத" என்றார். குப்பத்திலும் அவளுக்கு ஏச்சு. அவளால் எல்லார் வியாபாரமும் கெட்டது. நாட்டார் அவள் சார்பாக மேர் வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதைத் தெரிந்துகொண்டு அவள் அவரிடம் ஆடிய ஆட்டத்தைக் குப்பத்துப் பெண்கள் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வருவதை நிறுத்தவில்லை. தினமும் அதே நேரம், அதே கூடை. கதவுகள் சாத்தியிருக்கும். நடுத்தெருவில் நின்று சத்தம் போடுவாள்.

"வேணாம்னா வேணாம்னு உங்க வாயால சொல்லுங்க, போயிடறேன். மேரு வூட்டு வாயால சொல்லாதீங்க!"

ஒரு நாள் என் மாமியார் கதவைத் திறந்துகொண்டு வாசலில் போய் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம்மா" என்றார். "சரிம்மா" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு மாமியார் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு நாள் ஊரில் தமுக்கு அடித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஓட்டுச் செல்லாது, மறுபடியும் ஓட்டு என்று கமிஷன் உத்தரவு. மேர் வீட்டிலிருந்து சொல்லாமல் எங்கள் ஊரில் தமுக்கு அடித்தது அதுதான் முதல் தடவை. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேர் செய்ததை இல்லை என்று ஆக்க ஒரு இடம் இருக்கிறது என்பதே அவர்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

அதற்கு மறுநாள் மேரின் கார் எங்கள் தெருவில் வந்து நின்றது. அவள் அப்போது எங்கள் வீட்டுக்கு எதிரில் நின்றிருந்தாள். மேர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. வெள்ளை உடுப்பு, மெதுவான பேச்சு. இறங்கி வந்து, தெரு முழுவதும் கேட்கிறது என்று தெரிந்தே பேசினார்.

"குப்பத்துக்குக் கெணறு வெட்டிக் குடுத்தது யாரும்மா?"

"நீங்கதான்."

"தீப்புடிச்சி வூடு எரிஞ்சப்போ கீத்து குடுத்தது?"

"நீங்கதான்."

"உண்மைய சொல்லு. அன்னிக்கு நீ யாருக்குப் போட இருந்தே?"

"கொடைக்குத்தான்."

சாத்தியிருந்த கதவுகளுக்குப் பின்னால் அசைவு கேட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மேர் கையை விரித்துச் சிரித்தார்.

"அப்புறம் எதுக்கும்மா இந்த ரகளை? நீ போட இருந்தத்தானே எங்க ஆளுங்க போட்டாங்க? உனுக்கு நடை மிச்சம். இதுல உனுக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

அவளுடைய கை இறங்கியது. கார் டிரைவர் ஒரு எட்டு முன்னால் வந்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை.

"நான் போட்டிருந்தா அது நன்றி. நீங்களே எடுத்துக்கினீங்க, அது திருட்டு. கெணத்துத் தண்ணி நல்லா இருக்குதுன்னு நான்தான் ஐயா சொல்லணும். என் தொண்டையில வந்து நின்னுக்கினு நீங்களே சொல்லிக்கினா எப்பிடி? மூணு தபா, ஐயா. மூணு தபா நான் உசிரோட வந்து நிக்கறேன், நீ வந்துட்டுப் போயிட்டன்றாங்க. நான் செத்தா பொணமாவாச்சும் என்னையே எரிய வுடுவீங்களா, இல்ல அதுக்கும் ஆள் அனுப்புவீங்களா?"

மேர் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, இப்ப யாருக்குப் போடுவ?" என்று கேட்டார்.

"இனிமே அத்த யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

மறு ஓட்டு அன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே போலீஸ். மேர் தம்பியும் கோட்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே அதே காரைக்கால்காரர். அவரையே மறுபடி அனுப்புவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. நெற்றியில் அன்றைய ரகளையில் பட்ட காயம் ஆறாமல் இருந்தது. பெட்டிகளைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் காட்டி, பிறகு பூட்டி முத்திரை வைத்தார். இரண்டு பக்க ஏஜெண்டும் இருந்தார்கள்.

அவள் முறை வந்தது. பெயரைச் சொன்னாள். அவளை அவருக்குத் தெரியாதா? ஆனாலும் எல்லாரிடமும் கேட்டதைத்தான் அவளிடமும் கேட்டார். "கணவர் பேர்?" கேட்டுவிட்டு, "நீங்க சொல்ல வேணாம். தெரிஞ்சவங்க யாராவது சொல்லட்டும்" என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு கண்ணு" என்றாள். அவள் சார்பாக ஒரு வார்த்தை பேச அவள் வாயாலேயே ஒருவரைக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். சொன்னேன். குமாஸ்தா விரலில் மை வைத்தார். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள்.

போனவள் வரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அதிகாரி, "ஆச்சாம்மா?" என்றார்.

"இரு. இன்னும் ஆவல."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை. வெளியே வந்தபோது அவள் முகம் இறுகித்தான் இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் கோட்டைத் தாண்டி, மேர் தம்பியையும் தாண்டி நடந்துபோனாள்.

மேர்தான் ஜெயித்தார். முன்போல மலை அளவு இல்லை, ஆனாலும் ஜெயித்தார். ஊர் சிரித்தது. கிருமாம்பாக்கம் கடைத்தெருவில் மேர் வீட்டு ஆள் ஒருவன், "இன்னா மீன்காரம்மா, குட்டையில குளிச்சதுதான் மிச்சமா?" என்று கேட்டான்.

"எண்ணித்தானடா ஜெயிச்சாரு?" என்று திருப்பிக் கேட்டாள். "இத்தினி நாளு எண்ணாமலே ஜெயிச்சாரு. போய்ச் சொல்லு உங்க ஐயாகிட்ட, இந்தத் தபா நாங்க போட்டதால ஜெயிச்சாருன்னு."

ஜெயித்த பிறகு மேர் வீட்டுக்காரர்களுக்கு மீன்காரி மேல் இருந்த அக்கறை போய்விட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு நாள் காலையில் எங்கள் வாசலிலும் கூடை இறங்கியது. மாமியார் உள்ளே இருந்தார். அவள் நெத்திலியை அள்ளி என் சட்டியில் போட்டாள். எனக்கு மனசு தாங்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு, அவ்வளவு நேரம் உள்ளே நின்று, கடைசியில் எதில் போட்டாள்? கிணற்றுக்காகக் குடையிலா, பட்ட அவமானத்துக்காகச் சைக்கிளிலா? என்னைவிட்டால் யாரிடம் சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டேன்.

"எங்கிட்ட மட்டும் சொல்லுக்கா. யாருக்குப் போட்ட?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கை இடுப்பை விட்டு இறங்கியது.

"நீயுமா கேக்கற?"

"இல்லக்கா, சும்மாதான்..."

"மேரு கேட்டா மெரட்டறான்னு புரியுது. நீ இன்னாத்துக்குக் கேக்கற? அத்த எட்டிப் பாத்து இன்னா பண்ணப் போற? குடு சட்டிய."

சட்டியைப் பிடுங்கி, போட்ட நெத்திலியை ஒன்றுவிடாமல் கூடைக்குள் கவிழ்த்துக்கொண்டாள். "உனுக்கு இன்னிக்கு மீன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தெருமுனை திரும்பும்வரை அவள் திட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. நான் காலிச் சட்டியோடு நின்றேன். முதலில் அவமானமாக இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். மீன் இல்லாததைப் பார்த்து ஏன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"அவ கெடக்கறா. நீ கொடையிலதானே போட்ட?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து மறுபடி கேட்டார்.

"கேக்கறேன்ல? நான் சொன்னபடி கொடையிலதானே போட்ட?"

"அது உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

அவர் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. கூடத்தில் இருந்த மாமியார் திரும்பிப் பார்த்தார். மகனுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.